ஆடாத வீட்டில் என் நாத்தனார்

“இந்த வீடு ஆடவே மாட்டேங்குது. மனுஷி எப்படித் தூங்குறது?”

என் நாத்தனார் எங்கள் வீட்டில் இருந்த காலம் முழுக்க, தினமும் காலையில், பல்கூட விளக்காமல் சொன்னது இது. வீடு ஆடினால் ஊரே அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடும். இந்த அம்மாளுக்கு ஆடாததுதான் குறை. முதல் வாரம் சிரித்தேன். அடுத்த வாரம் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். அதற்கப்புறம் பொறுக்க முடியாமல், “கட்டிலைப் பிடிச்சு ஆட்டி விடட்டுமா அண்ணி?” என்று கேட்டேன்.

“உனக்கு ஆட்டத் தெரியுமா? நீ ஆட்டினா வாந்திதான் வரும்” என்றார்.

அவர் என் கணவரின் அக்கா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பாய்மரப் படகு ஓட்டுகிறார். பொழுதுபோக்குக்கு இல்லை, பிழைப்பே அதுதான். கப்பல் எட்டிப் பார்க்காத, பெயர்கூட ஒழுங்காக இல்லாத தீவுகளுக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். பறவை எண்ணுகிறவர்கள் வருவார்கள். ஆளில்லாத கலங்கரை விளக்கில் பல்பு மாற்றப் போகிறவர்கள் வருவார்கள். யாருமே இல்லாத இடம் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டு ஏறிப் போய்விட்டு, திரும்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்குகிற புதுத் தம்பதிகளும் உண்டு.

படகிலேயே சமையல், படகிலேயே படுக்கை. கல்யாணம் ஆகாமல் இல்லை. ஆனது. அந்த மனிதர் அலுவலக வேலைக்காரர். “படகா, நானா?” என்று கேட்டிருக்கிறார். இப்படிக் கேள்வி கேட்கிற ஆண்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி அவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். “பாவம், நல்ல மனுஷன். தரைதான் அவருக்கு ஒத்துக்கும்” என்று இப்போதும் சொல்வார், ஏதோ வியாதியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அந்தப் படகும் யாரும் தூக்கிக் கொடுத்தது இல்லை. யாரோ வெளியூர்க்காரர்கள் புயலில் அடிபட்டு, சேற்றுக் கழிமுகத்தில் அழுக விட்டுப் போனது. அதை இழுத்து வந்து, ஓட்டை அடைத்து, பழைய தையல் மெஷினில் பாய் தைத்து, தண்ணீரில் மிதக்க வைத்தது அவர்தான். இதை நான் மறுக்க மாட்டேன். மற்றபடி அவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது பெரிய தண்டனை.

வந்த மறுநாளே என் சமையலறை அலமாரிக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார். குழம்பு அடுப்பில் தீய்கிறது, என்னால் கரண்டி எடுக்க முடியவில்லை.

“இது சுலபமா அவிழுற முடிச்சு” என்றார்.

“யாருக்கு?”

“கை இருக்கிறவங்களுக்கு.”

பாத்திரம் தேய்க்கும்போது குழாயைத் திறந்து வைத்தால் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து மூடுவார். “நீ ஒரு வேளைக்குக் கொட்டுற தண்ணியில நான் ஒரு தீவுக்குப் போயிட்டே வந்துடுவேன்.” காலையில் ஜன்னலைத் திறந்து கன்னத்தை வெளியே நீட்டுவார். “மத்தியானம் காத்து திரும்பும். துணியை அந்தப் பக்கம் போடு.” வேண்டுமென்றே இந்தப் பக்கம் போடுவேன். மத்தியானம் காற்று திரும்பும், புழுதி முழுக்க என் போர்வையில். அவர் போர்வையைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆசையால் இல்லை, கால் முறிந்ததால். அதற்குக் காரணம் ஒரு தீவு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தூரத்தில் கிடக்கும் அந்தத் தீவைச் சுற்றி வளையம் மாதிரி பவளப்பாறை. வளையத்தில் ஒரே ஒரு வாசல். அதற்குள் நுழைந்துவிட்டால் குளம் போல் அமைதியான தண்ணீர், நங்கூரம் போட்டு நிம்மதியாக இருக்கலாம். நுழைவதுதான் பாடு. பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிப்பவருக்கு, முன்னால் தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அதனால் பாயை இறக்கிவிட்டு, சின்ன இன்ஜினில் மெதுவாகப் போவார்கள். ஒரு ஆள் படகின் மூக்கில் நின்று, தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கை காட்டுவார். இன்ஜின் சத்தத்திலும் அலைச் சத்தத்திலும் பேச்சு கேட்காது. கையைப் பார்த்துத்தான் திருப்ப வேண்டும்.

என் கணவர் விடுமுறைக்கு அக்காவோடு அந்தத் தீவுக்குப் போனார். மூக்கில் நின்றார். படகு போய்ப் பாறையில் மோதியது. அண்ணி தூக்கி எறியப்பட்டுத் தொடை எலும்பு முறிந்தது. வேறு படகுக்காரர்கள் வந்து இழுத்து, இவர்களைக் கரை சேர்த்தார்கள்.

“நான் சரியாத்தான் காட்டினேன்” என்றார் என் கணவர். மருத்துவமனையில் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். துறைமுகத்தில் டீக்கடை, டீசல் பங்க், வலை காயப்போடுகிற இடம் எதையும் விட்டு வைக்கவில்லை. “தெளிவா, கை நீட்டிக் காட்டினேன். அக்கா நேரா அந்தக் கல்லுலயே கொண்டுபோய் ஏத்திட்டாங்க. கண்ணு போயிடுச்சு. வயசாயிடுச்சு இல்ல?”

வாய் நீளமான என் நாத்தனார் இதற்கு மட்டும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “சுக்கான் என் கையில இருந்துச்சு. கேக்க வேண்டியது என்னைத்தான்” என்று ஒரு தடவை சொன்னார். அதோடு சரி.

பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவர்க் காலண்டரைப் பார்ப்பார். அப்புறம் அடுத்த கண்ணை மூடிப் பார்ப்பார். என்னைக் கூப்பிடுவார்.

“இந்தா, எதிர் மாடியில காயுற துணி என்ன நிறம்?”

“பச்சை.”

“பச்சையா, நீலம் கலந்த பச்சையா?”

“அண்ணி, அவங்க வீட்டுத் துணிக்கு நமக்கெதுக்கு இவ்வளவு விசாரணை?”

“கேட்டா பதில் சொல்லு.”

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தம்பி சரியாகக் காட்டியிருக்கிறான், நமக்குத்தான் கை தெரியவில்லை என்று நம்பிவிட்டார். கை தெரியாதவருக்கு அந்தத் தீவுகள் இல்லை. அந்தத் தீவுகள் இல்லை என்றால் அவருக்கு மிச்சம் என் வீட்டுப் பின்கட்டு அறைதான். அவருக்கும் அது நரகம், எனக்கும் நரகம். கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். “எழுத்தை மாட்டி வச்சுப் படிக்கச் சொல்லுவான். தண்ணியை மாட்டி வைப்பானா?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் எரிச்சலாக இருந்தது.

என் கணவர் படகைப் பழுது பார்க்க விட்டிருந்தார். பழுது முடிந்ததும் வாங்க ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். அந்த ஆள் கடற்கரையில் ஹோட்டல் வைத்திருப்பவர். படகை வாசலில் மணல் கொட்டி நிறுத்தி, நடுவில் மேஜை போட்டு, மாலை நேரத்தில் குழந்தைகளுக்குப் பிறந்தநாள் நடத்தப் போகிறாராம்.

“கடல்ல விடமாட்டாரா?” என்று அண்ணி கேட்டார்.

“கடலைப் பார்த்த மாதிரிதான் அக்கா நிறுத்துவாரு.”

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, “சரி. கையெழுத்துப் போடுறேன்” என்றார். அன்றைக்கு வீடு ஆடவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. சண்டை போடாத நாத்தனார் வீட்டில் இருப்பது, ஓடாத ஃபேன் இருக்கிற மாதிரி. அண்ணாந்து அண்ணாந்து பார்க்கத் தோன்றும்.

விற்பதற்கு முதல் நாள், படகிலிருந்த அவருடைய சாமான்கள் ஒரு வேனில் வந்தன. சுருட்டிய பாய்கள், கயிறுகள், தையல் மெஷின், சங்கிலி, இரண்டு நங்கூரங்கள். எங்கள் தெரு குறுகல். வீட்டு வாசலில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் தூண்கள். போன வருடம்தான் நானே நின்று கட்டி முடித்து, நானே பெயின்ட் அடித்தவை. வேன் பின்பக்கமாக உள்ளே வர வேண்டும். அண்ணி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நான் படியில் நின்றேன். என் கணவர் பந்தாவாகப் பின்னால் போய் நின்றார்.

“வா... வா... இன்னும் வா... பார்த்து!” என்று இடது கையை நீட்டி ஒரு தூணைக் காட்டினார்.

டிரைவர் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே ஒடித்தார். என் கணவர் இன்னும் வேகமாக அந்தப் பக்கமே கையை ஆட்டினார். டிரைவரும் இன்னும் வேகமாக அந்தப் பக்கமே வந்தார். டமால். என் தூண் சாய்ந்தது.

“கண்ணு தெரியலையாய்யா உனக்கு?” என்று என் கணவர் கத்தினார்.

“நீங்க காட்டின பக்கம்தானே சார் வந்தேன்?”

“அங்க தூண் இருக்குன்னு காட்டினேன்யா!”

“தூணை எதுக்கு சார் எனக்குக் காட்டுறீங்க? நான் என்ன தூண் பார்க்கவா வந்தேன்? போற வழியைக் காட்டுங்க.”

நான் தூணுக்காக வாயைத் திறந்தேன். அதற்குள் ஜன்னலிலிருந்து ஒரு குரல். சத்தம் போடாத குரல். என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு குரலை நான் அவரிடம் கேட்டதில்லை.

“தம்பி. இங்க வா.”

என் கணவர் ஜன்னலடியில் போய் நின்றார்.

“அன்னிக்குப் படகு மூக்குல நின்னு எதைக் காட்டின?”

“கல்லைத்தான்க்கா காட்டினேன்.”

“கல்லையா?”

“பின்னே? கல்லு எங்க இருக்குன்னுதானே காட்டச் சொன்னீங்க? நல்லாக் காட்டினேன். நீங்கதான் அதுமேலயே விட்டீங்க.”

“கிளம்பும்போது என்னடா சொன்னேன்? கை நீட்டுற பக்கம் படகு வரும், அதனால போக வேண்டிய பக்கம் மட்டும் நீட்டு, கல்லு பக்கம் விரலைக்கூடக் காட்டாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“ஏதோ சொன்னீங்க. நான் அப்போ போட்டோ எடுத்துட்டு இருந்தேன்.”

ஜன்னல் வழியாக ஊன்றுகோல் வந்தது. குறி தவறவில்லை. தோளில் நச்சென்று விழுந்தது. கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“இத்தனை மாசம்! என் கண்ணை நானே குத்திக்கிட்டு உக்காந்திருந்தேனேடா! ஊர் பூரா போய்க் குருடின்னு சொன்னியே!”

“அக்கா, நான் பொய் சொல்லல. சரியாத்தான் காட்டினேன்...”

“இன்னொரு தடவை ‘சரியா’ன்னு சொல்லிப் பாரு!”

டிரைவர் பாவம், கயிற்றை இறக்கவா வேண்டாமா என்று நின்றார். “ஒரு சாமானையும் எறக்காதீங்க. வண்டியைத் திருப்புங்க” என்றார் அண்ணி. பையை அவரே கட்டினார். ஊன்றுகோலோடு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். போகும்போதாவது எனக்கு ஒரு நன்றி சொல்வார் என்று பார்த்தேன். “அந்தத் தூணுக்குக் கம்பியே போடல. கொத்தனார் உன்னை ஏமாத்திட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹோட்டல்காரரைப் படகடியிலேயே வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டாராம். “பிறந்தநாளைத் தரையில கொண்டாடுங்க” என்றாராம்.

கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. குருடி என்று சொன்னது துறைமுகம் முழுக்கப் பரவியிருந்தது. பறவை எண்ணுகிறவர்கள் வேறு படகு பார்த்துக்கொண்டார்கள். தம்பதிகளைக் கரையிலேயே யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, “அந்த அம்மாவுக்குப் பார்வை இல்ல, வேணாம்” என்று அனுப்பிவிடுவார்கள். ஆள் வராமல் படகு மட்டும் இருந்து என்ன செய்வது? ஏறி வருகிறவர்களில் ஒருவர்தான் வழக்கமாக மூக்கில் நிற்பார், அந்த ஒரு ஆள் இல்லாமல் எந்தத் தீவுக்குள்ளும் நுழைய முடியாது. தீவை வெளியிலிருந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். கால் எலும்பு கூடிய பிறகும் அண்ணி துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தார்.

என் கணவரைத் துறைமுகத்துக்குப் போய், சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்லச் சொன்னேன். “நான் என்ன பொய்யா சொன்னேன்?” என்கிறார் இன்றைக்கும். அதனால் தூணை நிமிர்த்த நான் விடவில்லை. வாசலில் சாய்ந்தபடியேதான் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். “இவர் சரியாக் காட்டினார்” என்று சொல்லுவேன்.

ஒருநாள் அண்ணி போன் செய்தார். நலமா என்றெல்லாம் கேட்கவில்லை.

“நீ வா.”

“எங்க?”

“அந்தத் தீவுக்கு. மூக்குல நிக்க ஆள் வேணும்.”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“நீந்த யாரு கூப்பிட்டா? நிக்கத்தானே கூப்பிடுறேன்?”

ஏன் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் மறுபடி என் பின்கட்டுக்கு வந்துவிடுவாரோ என்ற பயமாக இருக்கலாம்.

வழியில் நான் பட்டதை எழுதினால் காகிதம் நாறும். கரை மறைந்ததும் வயிறு மேலே வந்தது. எதைப் பிடித்தாலும் அது சாய்ந்தது. “இந்தப் படகு நிக்கவே மாட்டேங்குது” என்றேன். “அப்போ எறங்கி நடந்து போ” என்றார். பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், கயிற்றை இழுத்ததும் சட்டென்று வாயை மூடிக்கொள்ளும். இந்த வித்தை வீட்டில் யாரிடமும் நடக்காது.

தீவு தெரிந்தும் உள்ளே போகவில்லை. வெளியிலேயே நின்று, வெயில் உச்சிக்கு வரும்வரை காத்திருந்தோம். வெயில் எதிரே இருந்தால் தண்ணீர் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னும், அடியில் இருப்பது தெரியாது. உச்சியில் வந்ததும் திரை விலகின மாதிரி கீழே எல்லாம் தெரிந்தது.

“கருநீலம்னா ஆழம். பச்சைன்னா ஆழம் கம்மி, ஆனா போகலாம். பழுப்புன்னா கல்லு. பழுப்பைப் பார்த்தா அதை மறந்துடு. போற இடத்தை மட்டும் நீட்டு.”

மறந்துவிடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். மூக்கில் நின்ற எனக்கு வலதுபக்கம் மாட்டுத் தலை அளவுக்கு ஒரு பழுப்புக் கல் தெரிந்ததும், வலது கை தானாகவே எழுந்தது. பிள்ளை அடுப்புப் பக்கம் போனால் அடுப்பைக் காட்டித்தான் நாம் கத்துவோம். அப்படியே பழகிய கை. அந்தக் கையைப் படாரென்று கீழே இறக்கி, முன்னால் இருந்த கைப்பிடிக் கம்பியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இடது கையைப் பச்சைத் தண்ணீர் பக்கம் நீட்டினேன். படகு நான் நீட்டின பக்கம் திரும்பியது. கையை நேராக்கினேன், நேராக வந்தது. என் வீட்டில் இத்தனை வருடத்தில் என் கை காட்டின பக்கம் யாரும் இப்படித் திரும்பியதில்லை.

நடுவில் ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் பழுப்பு. எந்தப் பக்கம் நீட்டுவது? முஷ்டியை மடக்கி மேலே தூக்கினேன். நில் என்று அதற்கு அர்த்தம். பின்னால் இன்ஜின் சத்தம் தணிந்தது. அண்ணி எனக்குக் கேட்காத கெட்ட வார்த்தை ஏதோ சொல்லியிருப்பார், வாய் அசைந்தது. உற்றுப் பார்த்தேன். இரண்டு பழுப்புக்கும் நடுவில் வெளிறிய பச்சையாக ஒரு கோடு, சேலைக் கரை அகலத்துக்கு. அதை நோக்கிக் கையை நீட்டினேன். கல் இரண்டு பக்கமும் உரசுகிற தூரத்தில் ஒதுங்கிப் போனது. உள்ளே வந்துவிட்டோம்.

அண்ணி நங்கூரத்தை இறக்கினார். சங்கிலி கடகடவென்று ஓடியது. அப்புறம் வெறுங்காலைச் சங்கிலிமேல் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நங்கூரம் மணலில் பிடிக்காமல் இழுபட்டால் சங்கிலி வாஷிங் மெஷின் மாதிரி அதிருமாம். கால்தான் கண்டுபிடிக்கும். வெகுநேரம் நின்றார். “பிடிச்சிருச்சு” என்றார்.

“எப்படிக் காட்டினேன்?”

“மோசம். முழங்கை வளையுது. நேரா நீட்டணும்.”

“கல்லுல ஏத்தலையே.”

“அதுக்குத்தான் சோறு போடுறேன்.”

“சோறு நான்தான் ஆக்கினேன்.”

திரும்பிப் பார்த்தால், நின்ற இடத்திலேயே பாய்மூட்டையில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். நட்ட நடு மத்தியானம். என் வீட்டில் ஒருநாள்கூட அவர் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

சொர்க்கம் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்ணுக்கே தெரியாத மணல் ஈ கடித்து இரண்டு காலும் வீங்கின. பறவை எச்ச நாற்றம் குடலைப் பிடுங்கும். எந்தக் கரையிலிருந்தோ மிதந்து வந்த பிளாஸ்டிக் பாட்டிலும் ஒற்றைச் செருப்புகளும் தீவைச் சுற்றிக் கிடக்கின்றன. கழிவறை கிடையாது. நண்டுகளின் ராஜாங்கம். சொல்லும்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான். படகின் ஓரமாகக் குனிந்து பார்த்தால், அடியில் வெள்ளை மணலில் எங்கள் படகின் நிழல் விழுந்திருந்தது, நிழலில் என் தலையும். காற்றில் தொங்குகிற மாதிரி இருந்தது. வெகுநேரம் பார்த்தேன். அதைப் பற்றி வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, வாசலில் சாய்ந்த தூண் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் போய் நிற்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, நானே கூடப் போய்ப் பார்த்துவிட்டேன். முன்னால் நிற்க ஆள்தான் இல்லை. நீங்கள் போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்த் துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகளைத் தாண்டி, டீசல் பங்குக்குப் பின்னால், கடைசியில் தனியாகக் கட்டியிருக்கும். இடதுபக்கம் நிறம் மாறிய பெரிய ஒட்டு இருக்கும். அதுதான் அவர் படகு.

வரவேற்க மாட்டார். “யாரு? என்ன வேணும்?” என்பார். செருப்பை வெளியே விடுங்கள், தண்ணீரைக் கொட்டாதீர்கள், கிளம்பும்போது அவர் சொல்வதைப் போட்டோ எடுக்காமல் கேளுங்கள். தம்பி மனைவி அனுப்பினாள் என்று சொன்னாலும் பரவாயில்லை, முதலில் என்னைத் திட்டுவார், உங்களுக்குக் கொஞ்சம் குறையும். மூக்கில் ஏறி நின்றதும் கையை நேராக நீட்டுங்கள். முழங்கை வளையக் கூடாதாம்.